கொட்டுவதற்கு வந்த பால்

கெபோன்துவுர் கிராமத்தில் வர்சிதியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எதிரில் பார்த்தால் "யூ" என்பார்கள், அக்கா முறை வைத்து. முதுகுக்குப் பின்னால் "இபு ஆல்கஹால்", ஆல்கஹால் அம்மா, என்பார்கள். ஐந்து வேளையும் தொழுகிற, முக்காடு விலகாத ஒரு பெண்பிள்ளைக்கு இப்படி ஒரு பெயர் வாய்த்ததற்கு அவள் பார்க்கும் வேலைதான் காரணம். கூட்டுறவுச் சங்கத்தின் பால் நிலையத்தில் இருபத்தேழு வருடமாகப் பாலைச் சோதித்து வாங்குகிறாள்.

காலை ஐந்தரைக்கு ஒரு முறை, மாலை மூன்றுக்கு ஒரு முறை. மெராப்பி மலைச் சரிவில் நாலு திசையிலிருந்தும் மோட்டார் சைக்கிள்கள் அலுமினிய கேன்களோடு வந்து வரிசையில் நிற்கும். வர்சிதி மூடியைத் திறந்து முதலில் மோந்து பார்ப்பாள். அடுத்து லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு எண் பார்ப்பாள். இருபத்துநாலுக்கு மேல் காட்டினால் பால், கீழே போனால் தண்ணீர் சேர்ந்த பால். கடைசியில் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் பால், அதே அளவு ஆல்கஹால், இரண்டு குலுக்கு. குழாயின் உள்பக்கம் வழவழப்பாக இறங்கினால் தேறியது. மணல் மணலாக ஒட்டினால் "உடைந்தது". உடைந்தது என்று அவள் சொல்லிவிட்டால் சங்கத் தலைவர் கியாந்தோவே வந்து நின்றாலும் அந்த கேன் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

அவளுக்குக் கல்யாணம் ஆனதும் இப்படித்தான். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் ஜுமெனோ என்கிற ஒல்லிப் பையனின் பால் தொடர்ந்து மூன்று நாள் உடைந்தது. நாலாம் நாள் அவன் தலைக்கு எண்ணெய் தடவி வாரிக்கொண்டு வந்தான். பாலும் தேறியது. அவளாக ஒரு வார்த்தை பேசியதில்லை. மூன்று நாளும் மறுத்ததையே ஜுமெனோ கவனிப்பு என்று எடுத்துக்கொண்டான். கல்யாணமான பிறகும் அவனுடைய கேன் வரிசையில்தான் வரும். வீட்டில் "புனே", பிள்ளையின் அம்மா, என்று கூப்பிடுகிறவன், நிலையத்தில் "வணக்கம் யூ" என்று மற்றவர்களைப் போலவே கும்பிடு போடுவான். அவளும் வீட்டில் "பக்னே", பிள்ளையின் அப்பா, என்பவள், அங்கே அவன் முகத்தைப் பார்க்காமல் "அடுத்தது" என்பாள். இதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்லை. ஊருக்குத்தான் வேடிக்கை.

வரிசையில் அவளுக்குப் பழக்கமான கை ஒவ்வொன்றும் தெரியும். யார் வீட்டில் மாட்டுக்குத் சோயாச் சக்கை போடுகிறார்கள், யார் வீட்டில் சாணம் அள்ளுகிற கையாலேயே மடி கழுவுகிறார்கள், எல்லாம் மூடியைத் திறந்ததும் தெரிந்துவிடும். பைமின் விஷயம் தனி. பைமின் பாலில் தண்ணீர் கலப்பான். எண் இறங்கிவிடக் கூடாதே என்று அதில் சர்க்கரையும் கரைப்பான். லாக்டோமீட்டரை அவன் ஏமாற்றிவிட்டான். எறும்பை ஏமாற்ற முடியவில்லை. ஊரில் எழுபது கேன் வரிசையில் நிற்க, எறும்பு அவன் கேனுக்கு மட்டும் நேர்கோடு போட்டு வந்தது.

"காங் பைமின், உங்க பாலுக்கு விருந்தாளி வந்திருக்காங்க" என்றாள் வர்சிதி, அண்ணன் முறை வைத்து.

"எறும்புக்கும் நல்ல பால் எதுன்னு தெரியுது யூ" என்றான் பைமின். கேனைத் தூக்கிக்கொண்டு போனான். அதற்காகக் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. அடுத்த வாரம் மறுபடி கலப்பான். அதுவும் மழைக்காலத்தில் மட்டும். கோடையில் மலைக்குத் தண்ணீர் லாரியில் வரும், காசு கொடுத்து வாங்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய தண்ணீரைப் பாலில் கலக்கும் அளவுக்கு பைமின் ஊதாரி அல்ல. அதனால் கோடையில் அவன் பால் தேறும்.

வர்சிதி வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு சட்டம் இருந்தது. பால் கம்பெனி வெளிநாட்டுப் பவுடரை இறக்க வேண்டுமானால், உள்ளூரில் இவ்வளவு பால் வாங்கினேன் என்று சீட்டுக் காட்ட வேண்டும். அவள் சேர்ந்த மறு வருடம் ருப்பியாவின் மதிப்பு விழுந்தது. நாட்டுக்குக் கடன் கொடுத்தவர்கள் வந்து உட்கார்ந்து சொன்னதில் சட்டம் போயிற்று. கெபோன்துவுரில் இதை யாரும் தண்டோரா போட்டுச் சொல்லவில்லை. கம்பெனி லாரியின் டிரைவரை வைத்துத்தான் தெரிந்தது. அதற்கு முன்னால் டிரைவர் வந்து, கேன் நிறையும் வரை காத்திருந்து, தன் காசில் டீ குடிப்பான். அதற்குப் பிறகு லாரிக்காக ஊர் காத்திருந்தது. டீயும் ஊர்ச் செலவாயிற்று.

அப்படியே ஓட்டினார்கள். தீவன மூட்டை விலை ஏறும்; பால் விலை யோசித்து ஏறும். கோமாரி நோய் வந்த வருடம் ஊரில் இருபது மாடு போயிற்று, அதில் வர்சிதியின் நல்ல கறவை ஒன்று. அது முடிந்ததும் அரசாங்க ஆட்கள் வந்து மிச்சமிருந்த மாடுகளின் காதில் மஞ்சள் வில்லை மாட்டினார்கள். போனை வில்லைக்கு நேரே காட்டினால் மாட்டின் வயது, ஊசி போட்ட தேதி, உடையவர் பெயர் எல்லாம் வரும். மாட்டைப் பற்றி அரசாங்கத்துக்குத் தெரியாதது எதுவும் இல்லை, அது என்ன விலைக்குத் தின்கிறது என்பதைத் தவிர.

இது நடந்த வருடம், முதல் மழை இறங்கிய வாரத்தில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து பாதிப் பால்தான் எடுப்பார்கள். காரணம் என்ற இடத்தில் "சந்தை நிலவரம்" என்று போட்டிருந்தது. சந்தை நிலவரம் என்றால் கப்பலில் வந்த பவுடர் என்று சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நிலையத்துக்கு வரும் ஆயிரத்து அறுநூறு லிட்டரில் எண்ணூறு தினமும் வீட்டுக்குத் திரும்பியது.

மாட்டுக்குக் கடிதம் படிக்கத் தெரியாது. அது பாட்டுக்குக் கறந்தது. முதல் இரண்டு நாள் கன்றுகள் வயிறு முட்டக் குடித்தன. மூன்றாம் நாள் பெண்கள் பாலைக் காய்ச்சி, சர்க்கரை போட்டுக் கிண்டி, பால் மிட்டாய் செய்தார்கள். ஒரு வாரத்தில் ஊரில் மிட்டாய் கொடுக்காத வீடு இல்லை. வாங்கிக்கொள்கிற வீடும் இல்லை. பத்தாம் நாள் சாக்கடை வெள்ளையாக ஓடியது. அதற்குள் மூன்று பேர் கறவை மாட்டையே கசாப்புக்கு ஓட்டிவிட்டார்கள். வர்சிதி வீட்டில் மூன்று மாடு. நடுவில் நிற்கிற பாயிங் என்கிற மாட்டைக் கொடுத்துவிடலாம் என்று ஜுமெனோ சொல்லி ஒரு சந்தை நாள் போய்விட்டது. அடுத்த சந்தைக்கு வியாபாரி வீட்டுக்கே வருவதாகச் சொல்லியிருந்தான். சினை மாடு. கசாப்புக்காரனுக்கு அது சினை என்பது எடையில் மட்டும்தான் தெரியும்.

கியாந்தோ வீட்டில் கூட்டம் போட்டார்கள். மாவட்ட அலுவலகத்துக்கு முன்னால் போய்ப் பாலைக் கொட்டுவது என்று முடிவாயிற்று. வீட்டுக்கு ஒரு கேன்.

"டிவிக்காரங்களுக்குச் சொல்லியாச்சு" என்றார் கியாந்தோ. அறுபது வயது, சங்கத்துக்கு மூன்றாம் முறையாகத் தலைவர், பேச ஆரம்பித்தால் தேதி போட்டுத்தான் பேசுவார். "பதாகை எழுதியாச்சு. 'எங்கள் பால் தூய்மை, உங்கள் வாக்கு?' எப்படி இருக்கு?"

நன்றாக இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள்.

"யூ வர்சிதி, நீ அந்த வெள்ளைக் கோட்டப் போட்டுட்டு முன்னாடி நில்லு. லாக்டோமீட்டரும் எடுத்துக்க. பாத்தா ஒரு நம்பிக்கை வரும்."

"கொட்டுற பாலுக்கு எதுக்கு லாக்டோமீட்டர்?"

"சும்மா கையில வெச்சிருக்கறதுதான்."

மறுநாள் காலை அவள் நிலையத்து வேலையை முடித்து வீட்டுக்கு வந்தபோது ஜுமெனோ மோட்டார் சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டிருந்தான். மூடி சரியாக உட்காரவில்லை. அவள் அழுத்தி மூடப் போனாள். அதற்குள் வாசனை வந்துவிட்டது.

"பக்னே, இது வாகே கறந்ததா?"

"ஆமா."

வாகே என்கிற மாட்டுக்கு மடிவீக்கம். ஊசி போட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஐந்து நாள் வரை அந்தப் பாலை நிலையத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்பது ஊரெல்லாம் அறிந்த விதி. எழுதிப் போட்டவளே அவள்தான்.

"ஊசி மருந்து எறங்கியிருக்குமே."

"குடிக்கவா கொண்டு போறோம்? கொட்டத்தானே."

"நல்ல பால் எங்க?"

"கன்னுக்கு ஊத்தினேன். மிச்சத்துக்கு மிட்டாய்க்காரம்மா வந்தா." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். "ஏன், நீயா இருந்தா நல்லதக் கொண்டு போய்க் கொட்டுவியா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சோதனைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

மாவட்ட அலுவலகம் முப்பது கிலோமீட்டர் கீழே. நாற்பத்திரண்டு கேன், ஒரு லாரி, ஒரு ஒலிபெருக்கி. புல்தரைக்கு முன்னால் கேன்களை வரிசையாக அடுக்கினார்கள். பதாகையைக் கட்டினார்கள். டிவிக்காரர் இருவர் வந்து, எந்தப் பக்கம் கொட்டுவீர்கள், வெளிச்சம் இந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று சொல்லி கேன்களைத் திருப்பி வைக்கச் சொன்னார்கள். வைத்தார்கள். கியாந்தோ முதல் கேனின் மூடியில் கையை வைத்து, தேதியைச் சொல்லி, பேச ஆரம்பித்தார்.

அப்போதுதான் அலுவலகப் படியில் பாக் ஹெந்த்ராதி இறங்கி வந்தார். கால்நடைத் துறைக்குப் புதிதாக வந்த அதிகாரி; ஐயா என்பதற்குத்தான் அங்கே பாக். மூன்று மாதம் முன்பு வரை மீன்வளத்தில் இருந்தவர். நேராக வந்து ஒலிபெருக்கியை மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

"ஒரு சொட்டுக் கூடக் கொட்ட வேணாம்" என்றார். "இந்தப் பால் பூராவும் மாவட்டமே வாங்கிக்கும். கம்பெனி என்ன விலை குடுக்குமோ அதே விலை. இன்னிக்கு மத்தியானமே நாலு பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க குடிப்பாங்க."

யாரும் கைதட்டவில்லை.

பாக் ஹெந்த்ராதி கொஞ்சம் காத்திருந்தார். மீனவர்களிடம் இப்படிச் சொன்னால் தட்டுவார்கள். இவர்களுக்குக் காது கேட்கவில்லையோ என்று ஒலிபெருக்கியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"வேணாம் பாக்" என்றார் கியாந்தோ. "உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"இதுல என்ன சிரமம்?"

"நாங்க கொட்டிட்டுப் போயிடறோம்."

"ஏன் கொட்டணும்? அதான் வாங்கிக்கறேங்கறேனே."

"கொட்டறதுன்னு தீர்மானம் போட்டாச்சு பாக்."

"தீர்மானத்த மாத்துங்க."

"மாத்தறதுக்கு ஆளு எண்ணிக்கை பத்தாது. பாதிப் பேரு மாட்டப் பாத்துக்க ஊர்ல இருக்காங்க."

டிவிக்காரர் கேமராவைக் கியாந்தோ முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். பாக் ஹெந்த்ராதிக்கு இன்னும் பெரிதாக எதையோ சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"இங்க பாருங்க" என்றார். "பள்ளிக்கூடச் சாப்பாட்டுத் திட்டத்துக்குப் பால் தேடிக்கிட்டிருக்கோம். இந்தப் பால் சோதனையில தேறட்டும். திங்கக்கிழமையிலேருந்து உங்க நிலையத்துல தினம் எண்ணூறு லிட்டரு நாங்களே எடுத்துக்கறோம். கேமரா முன்னாடி சொல்றேன்." கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தவரின் கண் வெள்ளைக் கோட்டில் நின்றது. "அதோ, சோதிக்கிறவங்களும் இருக்காங்க. கையில கருவியும் இருக்கு. வாங்கம்மா."

எண்ணூறு. கம்பெனி திருப்பி அனுப்புகிற அதே எண்ணூறு. வர்சிதிக்கு முதலில் பாயிங்கின் வயிறு நினைவுக்கு வந்தது. வியாபாரி வர நாலு நாள் இருந்தது.

அவள் கேன் வரிசையை நோக்கி நடந்தாள். ஒவ்வொரு கேனுக்கும் பின்னால் அதன் சொந்தக்காரர் நின்றார். அவள் அருகில் வர வர ஒவ்வொருவரும் உதட்டை அசைக்காமல் பேசினார்கள்.

"யூ, இது நேத்துக் காலையில கறந்தது" என்றார் கியாந்தோ.

"புளிச்சிருக்கா?"

"கொஞ்சம்."

அடுத்த ஆள் தரையைப் பார்த்தான். "சீம்பாலு யூ. நேத்துத்தான் கன்னு போட்டுச்சு."

"எங்க வீட்டுல அரிசி கழுவின தண்ணி" என்றாள் அதற்கடுத்த பெண். "வெள்ளையாத்தானே தெரியணும், அப்படின்னு நெனைச்சேன்."

"எவ்வளவு?"

"பால் கொஞ்சம் இருக்கு."

பைமின் கேனுக்குப் பின்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். வர்சிதி மூடியைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் கேனின் அலுமினியம் தெரிந்தது.

"காங், இதுல பால் எங்க?"

"மழை நல்லாப் பெய்யுதுல்ல யூ" என்றான் பைமின்.

நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்கள். ஒருவரோடு ஒருவர் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அவரவர் வீட்டில் அவரவராக யோசித்து, எல்லோரும் ஒரே மாதிரி யோசித்திருந்தார்கள். வரிசையின் கடைசியில் ஜுமெனோ நின்றான். இந்த முறை "யூ" என்று கும்பிடவில்லை.

"புனே" என்றான் மெதுவாக. "தேறிச்சுன்னு சொல்லிடு. நாளையிலேருந்து நல்லதக் குடுத்துக்கலாம். ஒரு நாள்தானே."

அவளும் அதை யோசிக்காமல் இல்லை. ஒரு நாள்தான். நாலு பள்ளிக்கூடம். இந்த நாற்பத்திரண்டையும் ஒன்றாகக் கொட்டிக் காய்ச்சினால் பாத்திரத்திலேயே திரிந்துவிடும், ஒரு குழந்தையும் குடிக்காமல் தப்பிக்கலாம். அல்லது திரியாமலும் போகலாம். சாயங்காலம் கால்நடைத் துறைக்கு யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு போன் செய்வார்கள். அதற்குப் பிறகு கெபோன்துவுர் பாலை நாய்க்குக் கூட யாரும் வாங்க மாட்டார்கள். உடைந்தது என்று சொன்னாலோ, இன்று ராத்திரிச் செய்தியில் பதாகையும் வரும், குழாயும் வரும். கம்பெனிக்காரன் மிச்சப் பாதியையும் நிறுத்த அதுவே போதும்.

பாக் ஹெந்த்ராதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எந்த கேன்லேருந்து ஆரம்பிக்கறீங்கம்மா?"

வர்சிதி ஜுமெனோவின் கேனைக் காட்டினாள். "இதுலேருந்து."

ஜுமெனோ கேனை விட்டு ஒரு அடி விலகி நின்றான்.

அவள் எப்போதும் செய்கிற மாதிரியே செய்தாள். மோந்து பார்த்தாள். லாக்டோமீட்டர் விட்டாள். குழாயில் பால், ஆல்கஹால், இரண்டு குலுக்கு. கேமரா கிட்ட வந்தது. குழாயைச் சூரியனுக்கு நேரே தூக்கினாள். உள்பக்கம் முழுக்க ரவை ஒட்டினாற்போல இருந்தது.

"உடைஞ்சிருக்கு" என்றாள்.

"அப்படின்னா?"

"வாங்கக் கூடாது. மாட்டுக்கு மடிவீக்கம், ஊசி போட்டிருக்கு. இதப் பிள்ளைங்களுக்குக் குடுக்கக் கூடாது."

"யார் கேன் இது?"

"என் வீட்டுக் கேனு. அவரு என் வீட்டுக்காரரு."

கேமரா ஜுமெனோவைப் பார்த்தது. ஜுமெனோ என்ன செய்வதென்று தெரியாமல் கேமராவைக் கும்பிட்டான்.

பாக் ஹெந்த்ராதி ஒலிபெருக்கியை அணைத்தார். கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். "மத்ததுல எத்தன தேறும்மா?"

"ஒண்ணும் தேறாது பாக்."

"நாப்பத்திரெண்டுல ஒண்ணு கூடவா?"

"கொட்டறதுக்குன்னு கொண்டு வந்தது. நல்ல பாலு காலையில நிலையத்துக்குப் போயிடுச்சு. மிச்சத்தக் கன்னு குடிச்சிருக்கும். நல்லதக் கொட்ட யாருக்கும் கை வரல." அவள் குழாயைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "நீங்க மீன்வளத்துல இருந்தீங்க. ரோட்டுல கொட்டறதுன்னா நல்ல மீனாக் கொண்டு வந்து கொட்டுவாங்களா?"

பாக் ஹெந்த்ராதி நிஜமாகவே யோசித்தார். "மாட்டாங்க" என்றார்.

"நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு நிலையத்துக்கு வாங்க. சொல்லிட்டு வர வேணாம். உங்க ஆளு, உங்க கருவி. அது குடிக்கறதுக்குக் கறந்த பாலு. அதச் சோதிச்சிட்டு வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க."

"சொல்லிட்டு வர வேணாம்னு நீங்களே நேரத்தச் சொல்றீங்களே."

"பாலு அந்த நேரத்துக்குத்தான் வரும் பாக். நான் என்ன பண்ண."

அவர் ஒலிபெருக்கியைப் போட்டு, சில தொழில்நுட்பக் காரணங்களை முன்னிட்டு இன்றைய கொள்முதல் ஒத்திவைக்கப்படுகிறது என்றார். தொழில்நுட்பம் என்ற சொல்லைக் கேட்டதும் கூட்டம் முதல் முறையாகக் கைதட்டியது.

பிறகு கொட்டினார்கள். புல்தரையில் கொட்டத் தோட்டக்காரர் விடவில்லை. ஈ மொய்க்கும் என்றார். சாக்கடைப் பக்கம் கொட்டினார்கள். கியாந்தோவின் கேன் புளித்துப் பொங்கித் தெறித்ததில் அவர் கண்ணில் பட்டது. அன்று ராத்திரிச் செய்தியில் கியாந்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பதைத்தான் காட்டினார்கள். விவசாயியின் கண்ணீர் என்று தலைப்பு. குழாயைக் காட்டவில்லை. படம் சரியாக விழவில்லை போல.

ஆனால் ஊர் பார்த்திருந்தது. அன்று மாலை மூன்று மணி வரிசையில் கேனை வைக்கிற சத்தமும் எடுக்கிற சத்தமும்தான் கேட்டன. கடைசியில் கியாந்தோதான் பேசினார். ஒரு கண் இன்னும் சிவந்திருந்தது.

"தேறிச்சுன்னு ஒரு வார்த்த. வாயில என்ன முத்தா உதிர்ந்திடும்?"

"உங்க பேத்தி எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கிறா, பாக் கியாந்தோ?"

"கீழ, ஆபீசுக்குப் பின்னாடி இருக்கறதுல."

"நாலுல அதுவும் ஒண்ணு."

கியாந்தோ கேனைத் தூக்கிக்கொண்டார். "ஆனாலும் உன் கேன்லேருந்தா ஆரம்பிக்கணும்? என் கேன்லேருந்து ஆரம்பிச்சிருந்தா நான் ஏதாச்சும் பேசிச் சமாளிச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது மன்னிப்பா குறையா என்று வர்சிதிக்குப் புரியவில்லை. அடுத்தது என்றாள்.

வீட்டில் ஜுமெனோ சாப்பிட உட்கார்ந்தான். டெம்பே என்கிற சோயா வறுவலை மூன்றாம் தடவை வாங்கிக்கொண்ட பிறகுதான் வாய் திறந்தான்.

"வருவாரா அந்த ஆளு?"

"தெரியல."

"வரலேன்னா சந்தைக்கு நாலு நாளு இருக்கு."

"தெரியும்."

"டிவியில நான் கும்பிட்டது வந்துச்சா?"

"வரல."

"நல்லதாப் போச்சு" என்றான், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

மறுநாள் விடிவதற்கு முன்பே வரிசை வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. யாரும் சொல்லாமலே கேன்களைத் தேய்த்துக் கழுவிக் கொண்டு வந்திருந்தார்கள். சிலர் மூடிக்கு மேல் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள், கல்யாணச் சீர் கொண்டு வருகிற மாதிரி. ஐந்தரை ஆயிற்று. ஐந்தே முக்கால் ஆயிற்று. கம்பெனி லாரி வந்து தன் எண்ணூறுக்காகக் காத்து நின்றது. ஆறு மணிக்குக் குளிரில் காதைப் பொத்திக்கொண்டு பாக் ஹெந்த்ராதி ஜீப்பிலிருந்து இறங்கினார். கூடவே இரண்டு இளைஞர்கள், ஒரு பெட்டி. ரோட்டில் மேகம் இறங்கியிருந்ததால் வழி தவறிவிட்டதாகச் சொன்னார்.

அவருடைய ஆட்கள் தங்கள் கருவிகளை எடுத்தார்கள். வர்சிதி தன்னுடையதை எடுத்தாள். ஒவ்வொரு கேனையும் இரு தடவை பார்த்தார்கள். அவள் சொல்லும் எண்ணும் அவர்கள் சொல்லும் எண்ணும் ஒன்றாக இருந்தன. பதினேழாவது கேனுக்குப் பிறகு அந்த இளைஞர்கள் தங்கள் எண்ணைச் சொல்வதை நிறுத்திவிட்டு, அவள் சொன்னதையே எழுத ஆரம்பித்தார்கள்.

எழுபத்து மூன்று கேனில் ஏழு தேறவில்லை. அதில் ஒன்று சங்கச் செயலாளருடையது. அவள் தள்ளி வைக்கச் சொன்னாள். செயலாளர் பாக் ஹெந்த்ராதியைப் பார்த்தார். பாக் ஹெந்த்ராதி வானத்தைப் பார்த்தார்.

"எண்ணூறுன்னு சொல்லிட்டேன்" என்றார் அவர், சூடான இஞ்சித் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு. "அறுநூறுதான் முடியும்மா. பள்ளிக்கூடம் நடக்கற நாளு மட்டும். மூணு மாசத்துக்கு எழுதித் தரேன். அப்புறம் பட்ஜெட்டப் பாக்கணும்."

"ஞாயித்துக்கிழமை மாடு கறக்குமே பாக். வருசக் கடைசி லீவுலயும் கறக்கும்."

"லீவு விடறது கல்வித் துறை. அவங்களத்தான் கேக்கணும்."

"கேப்பீங்களா?"

"எழுதுவேன்" என்றார். எழுதுவார் என்றுதான் முகம் சொன்னது. பதில் வரும் என்று சொல்லவில்லை.

அறுநூறு. பாதியில் முக்கால். வர்சிதி வரிசையில் ஜுமெனோவைத் தேடினாள். அவன் ஏற்கெனவே போனில் வியாபாரியிடம் பேசிக்கொண்டிருந்தான். இந்தச் சந்தைக்கு வர வேண்டாம், இல்லை இல்லை, விலை போதாது என்று இல்லை, மாடு விற்பதாக இல்லை. வியாபாரி நம்பாமல் விலையை ஏற்றியிருக்க வேண்டும். "அட, நெசமாத்தான்யா" என்று ஜுமெனோ ஒரே வரியை மூன்று தடவை சொன்னான்.

ஜீப் கிளம்பிய பிறகு, எல்லாம் முடிந்து அவள் குழாய்களைக் கழுவும்போது, பைமின் வந்தான். வேண்டுமென்றே தாமதமாக வந்திருக்கிறான் என்று அவன் நிறுத்திய விதத்திலேயே தெரிந்தது. கேனைச் சத்தம் வராமல் இறக்கி வைத்தான். ராத்திரியெல்லாம் மழை பெய்திருந்தது.

வர்சிதி மோந்தாள். லாக்டோமீட்டரை விட்டாள். இருபத்தேழு. குழாயை எடுத்துக் குலுக்கினாள். வழவழவென்று இறங்கியது.

"தேறிச்சு" என்றாள்.

பைமின் நகரவில்லை. "இன்னொரு தடவ பாரு யூ."

"எதுக்கு?"

"கருவி கெட்டுப் போயிருக்கும்."

அவள் இன்னொரு தடவை பார்த்தாள். இருபத்தேழு. குழாயை அவன் கையிலேயே கொடுத்தாள். அவன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றும் ஒட்டவில்லை. பிறகு கேனுக்குள் எட்டிப் பார்த்தான். முகம் கொஞ்சம் வாடியது.

"லிட்டரு ரொம்பக் கொறஞ்சு போச்சே யூ."

"கொறையும்" என்றாள் வர்சிதி. அவனுடைய பாலைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, சீட்டை எழுதி அவன் கையில் கொடுத்தாள்.